நாற்றம்: ஓர் இழிபொருட்பேறு

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொற்பொருள் மாற்றம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் நான் கையாளும் எடுத்துக்காட்டு 'நாற்றம்'. பழந்தமிழில் அச்சொல் நறுமணத்தைக் குறித்தது. 1274ஆம் குறளில் மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் மணத்தை வள்ளுவர் நாற்றம் என்றே சொல்கிறார். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கண்ணனின் வாய் மணத்தைப் பற்றி வெண்சங்கிடம் கேட்கும்போது எடுத்தாள்வதும் நாறுதல் என்னும் வினையைத்தான். இன்று அதே சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் கைகலப்பில் முடியும். மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். இந்த இடத்தில் வகுப்பில் வழக்கமாக ஒரு சிரிப்பலை எழும். பதினெட்டு ஆண்டுகளாக அதை எதிர்பார்த்து, அதற்கென்றே பேச்சில் ஓர் இடைவெளி விட்டுப் பழகியவள் நான்.

சென்ற ஆண்டு அந்தச் சிரிப்பு எழுந்தபோது மேசைக்கு அடியில் என் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அவர்கள் சொல்லைக் கேட்டுத்தான் சிரித்தார்களா, இல்லை முதல் வரிசைப் பெண்கள் துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றிக்கொண்டதற்கு வேறு பொருள் உண்டா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைய பாடத்தைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துக்கொண்டு வெளியேறினேன் என்பது மட்டும் தெரியும்.

இதை இங்கே எழுத வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டு மாடியில் வாசகர் கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு பதினைந்து பேர் கூடுவோம். காலணிகளைப் படிக்கட்டில் விட்டுவிட்டு, ஜமுக்காளத்தில் வட்டமாக அமர்ந்து பேசுவோம். எட்டு மாதங்களாக நான் அங்கே போகவில்லை. கடைசியாகப் போன அன்று ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பைப் பற்றிச் சற்றுக் கடுமையாகப் பேசியிருந்தேன். அவரும் அதே கடுமையோடு மறுமொழி சொன்னார். ஆகவே நான் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டேன் என்று கூட்டத்தார் முடிவு கட்டிவிட்டார்கள். கவிஞர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, தம் மேல் வருத்தமா என்று கேட்டார். இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. தொகுப்பைப் பற்றிய என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் நான் வராமல் போனதற்குக் காரணம் கவிதை அன்று, கால்.

எனக்கு முடக்குவாதம் உண்டு. கிராமத்தில் சரவாங்கி என்பார்கள். உடலைக் காக்க வேண்டிய தடுப்பாற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குகிற தன்னெதிர்ப்பு நோய் இது. ஆண்களைக் காட்டிலும் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. 2018இல் என் விரல்களில் தொடங்கியது. ஓராண்டுக்குள் பாதத்துக்கு வந்தது. காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் கூழாங்கற்களின்மேல் நிற்பது போலிருக்கும். விரல்கள் வீங்கியதில் மெட்டி இறுகிச் சதைக்குள் புதைந்து, கடைசியில் ஆசாரி வந்து கத்தரித்து எடுத்தார். (அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நோயைவிட அந்த மெட்டி அறுபட்டதுதான் பெரிய துக்கம். அது வேறு கதை.)

மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பதற்காக, சென்ற நூற்றாண்டின் நடுவில், வேலூர்ப் பகுதியில் பணியாற்றிய பால் பிராண்ட் போன்ற மருத்துவர்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பொருள் அது. இன்று நீரிழிவு நோயாளிகளும் என் போன்றவர்களும் அணிகிறோம். திறந்த செருப்பு, பட்டை வைத்தது, காற்று புகும். அதை மட்டும் நான் அணிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

நான் அணியவில்லை. இரண்டு வாரம் போட்டேன். ஆசிரியர் அறையில் ஒருவர் சர்க்கரையா என்றார். பேருந்தில் அருகே அமர்ந்திருந்த அம்மாள் என் வளைந்த விரல்களையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். அவர் எந்த நோயை நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தொழுநோயாளரைப் பற்றிய அருவருப்பு எவ்வளவு கொடியது என்று மேடையில் பேசியவள்தான் நான். என்றாலும் அன்று மாலையே கடைவீதிக்குப் போய், உள்ளே பஞ்சு வைத்த, முற்றிலும் மூடிய துணிக் காலணி ஒன்றை வாங்கி, அதற்குள் எம்.சி.ஆர். தட்டை வெட்டிப் போட்டுக்கொண்டேன். புடவைக் கொசுவத்துக்குக் கீழே அது அவ்வளவாகத் தெரியாது. ஒரு வெட்கத்தை மறைக்கச் செய்த ஏற்பாடுதான் அடுத்த வெட்கத்தை வளர்த்தது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கரை வரை அந்தக் காலணிக்குள் என் கால்கள் வெந்தன.

மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கும் இடங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அடங்கும். வியர்வைக்குத் தனியே வாடை கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் வியர்வையில் உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவேலரிக் அமிலமாக்குகின்றன, அதுதான் வீசுகிறது. மூடிய காலணியின் ஈரமும் வெம்மையும் அவற்றுக்கு மிகவும் உகந்தவை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெயிலுக்கு மட்டும் வியர்ப்பதில்லை, மனக்கலக்கத்துக்கும் வியர்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடை வருமோ என்று அஞ்சினால் வியர்க்கும். வியர்த்தால் வாடை வரும்.

முடக்குவாதமே என் வியர்வைக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் தந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு வியர்வையைக் கூட்டும் இயல்பு உண்டு. தைராய்டு மிகுந்து சுரந்தாலும் வியர்த்துக் கொட்டும். அதற்கு முதன்மையான காரணமாகிய கிரேவ்ஸ் நோயும் ஒரு தன்னெதிர்ப்பு நோய்தான். ஒரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவருக்கு இன்னொன்று வருவதும் உண்டு என்பதால் எனக்கும் தைராய்டு பரிசோதனை செய்தார்கள், சரியாகத்தான் இருந்தது. இன்னொரு விந்தை, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஷோகிரன் நோயில் கண்ணும் வாயும் வறண்டுபோகும். ஒரே குடும்பத்தில் ஒருவர் அழுதுகொண்டே இருப்பார், இன்னொருவருக்குக் கண்ணீரே வராது என்பது போல.

இப்போது என் முறையீட்டுக்கு வருகிறேன்.

முடக்குவாதம் என்று சொன்னால் உலகம் என்னிடம் கனிவாக இருக்கிறது. துறைத்தலைவர் என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். மாணவர்கள் நூல்களைச் சுமந்து வருகிறார்கள். வலி என்பது மதிப்புக்குரிய துன்பம். அதைத் தாங்குகிறவருக்குச் சமூகத்தில் ஓர் இடம் உண்டு. ஆனால் அதே நோயின் பக்கவிளைவாக வந்த கால் வாடையைச் சொன்னால், சொல்லிவிட்டு நான் நிமிர்ந்து உட்கார முடியுமா? ஒருநாள் என் மேசை இழுப்பறையில் பாதத்துக்குப் போடும் வாசனைப் பொடி ஒன்று, பெயர் எழுதாமல், செய்தித்தாளில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் நல்லெண்ணத்தோடுதான் வைத்திருப்பார். முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அடுத்த மூன்று மாதங்கள் ஆசிரியர் அறையில் ஒவ்வொருவர் முகத்தையும், இவரா அவரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் நாற்றத்தை உலகம் நகைச்சுவையாக மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்று இக்நோபல் என்றொரு பரிசு உண்டு. அது மூன்று முறை இந்தப் பொருளுக்குப் போயிருக்கிறது. 1992இல் ஜப்பானின் யோகோஹாமாவிலுள்ள ஷிசெய்தோ ஆய்வகத்தாருக்கு. கால் வாடைக்குக் காரணமான வேதிப்பொருள்களை அவர்கள் கண்டறிந்தார்கள். தமக்கு வாடை உண்டு என்று நினைப்பவர்களுக்கு அது உண்டு, இல்லையென்று நினைப்பவர்களுக்கு இல்லை என்பதையும் சொன்னார்கள். (இதைப் படித்த அன்று நான் சிரித்துவிட்டு, பிறகு சிந்திக்காமல் அழுதேன்.) 2006இல் பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் ஆகிய இருவருக்கு. மலேரியாவைப் பரப்பும் பெண் கொசு, லிம்பர்கர் என்னும் பாலாடைக்கட்டியின் வாடைக்கும் மனிதக் கால் வாடைக்கும் ஒரே அளவில் ஈர்க்கப்படுகிறது என்று காட்டியதற்காக. 2025இல் விகாஷ் குமார், சார்த்தக் மித்தல் என்னும் இரண்டு இந்தியர்களுக்கு. நாறும் காலணிகள், காலணி அடுக்கைப் பயன்படுத்துகிறவர்களின் அனுபவத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்ததற்காக. மூன்றும் உண்மையான அறிவியல். கொசுவைப் பற்றியது உயிர்காக்கும் அறிவியலும்கூட. ஆயினும் அவை கைதட்டலோடு வாங்கிக்கொண்டது சிரிப்பைத்தான்.

தமிழ் இலக்கியத்தைப் பயிற்றுவிக்கும் எனக்கு இதில் தனியாக ஒரு மனக்குறை. நம்மைப் போல் பாதத்தைப் போற்றிய இலக்கியம் எத்தனை இருக்கும்? திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் பத்துக் குறள்களில் ஏழில் அடியோ தாளோ வருகிறது. தெய்வத்தைப் பாதம் முதல் கேசம் வரையிலும் மானிடரைக் கேசம் முதல் பாதம் வரையிலும் பாட வேண்டும் என்பது நம் மரபு. மானிடப் பாதத்துக்கு வந்து சேரும்போது புலவருக்கும் கேட்பவருக்கும் சற்றுக் களைத்துப்போயிருக்கும். கம்பனில் பரதன் பாதுகைகளைத் தலையில் சுமந்து போய் அரியணையில் வைக்கிறான். கானகத்தில் நடந்த கால்களின் வியர்வை அதில் ஊறியிருக்காதா என்று என் வகுப்பில் எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற கேள்வி திருவிளையாடற் கதையில் சங்கத்தையே உலுக்கியது. நெற்றிக்கண் வரை போன வழக்கு அது. கூந்தலுக்கு நடந்த அந்த விசாரணை காலுக்கு நடக்கவில்லை.

பெரியபுராணத்தில் கலிக்கம்ப நாயனார் வரலாறு உண்டு. பெண்ணாகடத்தில் அடியார்களின் கால்களைக் கழுவி அமுது படைத்தவர். முன்பு தம் வீட்டில் ஏவலாளாக இருந்து பிறகு அடியாராகி வந்த ஒருவரின் காலுக்கு நீர் வார்க்க மனைவி தயங்கினாள் என்று அவள் கையைத் துணித்தார். இதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஏவலாளர் என்ற இழிநோக்கைப் பற்றிப் பேசுவேன். அந்த அம்மையாரின் கையைப் பற்றியும் பேசுவேன். அந்தப் பாதம் எத்தனை காதம் நடந்து வந்தது, அதில் என்ன வெடிப்பு இருந்தது, என்ன வீசியது என்று நாம் கேட்பதே இல்லை. கழுவப்படும் நொடியில் அது திருவடியாகிவிடுகிறது.

சித்தர்களும் பட்டினத்தாரும் உடலின் நாற்றத்தைப் பாடினார்களே என்று நண்பர்கள் கேட்கலாம். பாடினார்கள்; உடலைத் துறப்பதற்காகப் பாடினார்கள். எனக்கு என் காலைத் துறக்கும் எண்ணம் இல்லை. நாளைக் காலை எட்டு நாற்பது பேருந்துக்கு அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருபுறம் தாமரை, மறுபுறம் மலக்கூடை என்று இருக்கிற மரபில், அன்றாடம் கழுவித் துடைத்து மருந்திட்டுப் பேண வேண்டிய ஒரு காலுக்கு இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி. நோயுற்ற உடலைப் பேணும் வேலையைப் புதுமைப்பித்தன் 'செல்லம்மாள்' கதையில் எழுதினார். அந்த வழியில் பின்னால் போனவர்கள் மிகச் சிலரே என்று எனக்குத் தோன்றுகிறது. நோயைப் பற்றி எழுத வந்தால் நாம் உடனே மரணத்தைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

மருத்துவத்திலும் இதே நிலைதான். மூட்டுவாத மருத்துவர் ஒவ்வொரு முறையும் வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் கேட்பார். வெட்கத்துக்கு மதிப்பெண் கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை. பரிசோதனை மேசையில் ஏறுவதற்கு முன் கழிவறைக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வருவேன். ஆறு ஆண்டுகள் அவரை இப்படி ஏமாற்றினேன். ஒருநாள் தண்ணீர் வரவில்லை. அன்றுதான் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, தோல் மருத்துவரிடம் அனுப்பினார். உள்ளங்காலில் அம்மைத் தழும்பைப் போலச் சின்னஞ்சிறு குழிகள். அது வெறும் வியர்வை அன்று. ஈரத்தில் பெருகிய நுண்ணுயிர்கள் மேல்தோலை அரித்த தொற்று. பூசும் மருந்து தந்தார்கள்; சில வாரங்களில் குழிகள் மறைந்தன, வாடையில் பெரும்பகுதியும் போயிற்று. வாரம் ஒருமுறை நான் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் தடுப்பாற்றலைத் தணிக்கும் மருந்து. அதை எடுக்கும் ஒருவருக்குக் கால்விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு என்பது சிறு செய்தி அன்று என்று தோல் மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். என் வெட்கத்தால் ஒரு காலுக்கே கேடு வந்திருக்கக்கூடும்.

ஆகவே என் போன்ற நிலையில் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் சொல்கிற எலுமிச்சை, வினிகர், கல்லால் தேய்ப்பது ஆகியவற்றை வெடிப்புள்ள காலில் செய்து பார்க்காதீர்கள். நான் செய்தேன், எரிந்தது, புண்ணாயிற்று. எனக்குப் பயன்பட்டவை மிக எளியவை. இரண்டு இணை காலணிகள், ஒன்று அணியும் நாளில் மற்றது வெளியே உலர்வதற்கு. நண்பகலில் மாற்றுவதற்கு ஒரு பருத்திக் காலுறை. இரவில் நன்கு உலர்ந்த பாதத்தில் அலுமினியம் குளோரைடு கரைசல், காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக்காலிலும் புண்ணிலும் பட்டால் உயிர் போகும். இவற்றுக்கும் அடங்காத வியர்வைக்கு, நீர்த்தட்டில் பாதத்தை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை உண்டு. உடலில் பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் அது கூடாது. எனக்கு அதுவரை போக நேரவில்லை. வீட்டிலும் வகுப்பு இல்லாத நேரத்திலும், அந்தப் பழைய எம்.சி.ஆர். செருப்பு. பேருந்தில் இன்னும் போட்டதில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

மிகக் கடினமானது விரல் இடுக்குகளை உலர்த்துவது. காலையில் என் கைவிரல்கள் மடங்காது, குனியவும் முடியாது. என் கணவர்தான் முக்காலியில் உட்கார்ந்து, பழைய வேட்டியைக் கிழித்த துண்டால் ஒவ்வோர் இடுக்காகத் துடைத்துவிடுகிறார். முதல் வாரம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை அடுக்களையிலிருந்து இரண்டு நாள் பார்த்தார். ஆண்பிள்ளை பெண்டாட்டி காலைப் பிடிப்பதா என்று மூன்றாம் நாள் கேட்பார் என்று காத்திருந்தேன். அவரோ, "அம்மி மிதிக்கும்போது பிடிச்ச காலுதானடா, இடுக்குல ஈரம் நிக்குது பாரு, அழுத்தித் துடை" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் பிரிவுபசார நாளில் இறுதியாண்டு மாணவர்கள் வரிசையாக வந்து ஆசிரியர்களின் காலில் விழுவார்கள். கடந்த சில ஆண்டுகளாக நான் துள்ளி விலகி, தோளைப் பற்றி நிறுத்திவிடுகிறேன். சுயமரியாதைக் கொள்கை என்று மாணவர்கள் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். துண்டறிக்கைகூட ஒருமுறை அப்படி எழுதியது. உண்மை அவ்வளவு உயர்ந்தது அன்று. ஆனால் விலகிப் பழகியபின் எண்ணிப் பார்க்கையில், இருபது வயதுப் பிள்ளைகள் யார் காலிலும் விழத் தேவையில்லை என்றே இப்போது கருதுகிறேன். இழிவான காரணத்திலிருந்து நல்ல கருத்துக்கு வந்து சேர்வதும் உண்டு போலும். இதற்கு மொழியியலில் உயர்பொருட்பேறு என்று பெயர்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது, ஆகவே சன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் தண்ணீர் வருமா என்பதையும் யாராவது முன்கூட்டிப் பார்த்து வைக்கவும். துண்டு நான் கொண்டுவந்துவிடுவேன். கவிஞர் நண்பர் அவசியம் வர வேண்டும். அவருடைய மூன்றாம் கவிதையில் வரும் 'பாதமலர்' பற்றி எனக்கு இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன.